கடைசிக் கழுவல்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு ரூட் கெனால், மூன்று பிடுங்கல், அழுத குழந்தைகள் இரண்டு. மாடிப்படி இருபத்திரண்டையும் நிற்காமல் ஏறினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கம்போல மூன்று சிரிஞ்சுகளை நிரப்பித் தட்டில் வரிசையாக வைத்தேன். சிவப்பு நாடா ஒட்டியது ஹைப்போ. துணி வெளுக்கும் தண்ணீருக்குப் பெரிய அண்ணன். வேருக்குள் செத்துக் கிடக்கும் சதையைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். நீல நாடா ஈ.டி.டி.ஏ. வேரைக் குடையும்போது பல்தூள் சேறாகிச் சுவரில் அப்பிக்கொள்கிறதே, அதை அரித்து எடுப்பது. வெள்ளை நாடா சலைன், வெறும் உப்புத் தண்ணீர். இந்த நாடாப் பழக்கம் நான் கொண்டுவந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு சிரிஞ்சு மாறியதில்லை.

ஜனவரியில் சின்ன டாக்டர் வேரை அடைத்து ஒட்டும் புதுப் பசை வாங்கினாள், வேரைக் கழுவும் புது மெஷின் வாங்கினாள், கூடவே சுவரில் ஒரு தாளையும் ஒட்டினாள். எதற்குப் பிறகு எது என்று அம்புக்குறி போட்ட தாள். கடைசியில் ஈ.டி.டி.ஏ., அதன்மேல் சலைன், பிறகு உலர்த்திப் பசை. உப்புத் தண்ணீரோடு முடிப்பதாம்! அவளுடைய அப்பா, பெரிய டாக்டர், சாகும்வரை சொன்னது ஒன்றுதான்: "கடைசியா உள்ள போறது காவல்காரனா இருக்கணும்." காவல்காரன் என்றால் ஹைப்போ. வாசலைப் பூட்டும்முன் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவார்களா?

தாளை ஒட்டியவள் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னாள். சரி, சுவர் கேட்டுக்கொள்ளட்டும்.

அவள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லுக்குள்ளேயே குடியிருக்கிறாள். கை மட்டும் என் பக்கம் நீளும். "கடைசி" என்பாள். சிவப்பை வைப்பேன். அவள் கேட்பதில்லை, நான் சொல்வதில்லை.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க மெஷினின் ரீங்காரம். ஊசிமுனை வேருக்குள் நின்று துடிக்கிறதாம், தண்ணீர் மூலைமுடுக்கெல்லாம் போகிறதாம். எனக்கென்னவோ கொசு காதுக்குள் குடும்பம் நடத்துவதுபோல் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

நீச்சல் பயிற்சியாளர் வந்தார். ஜனவரியில் முன்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, உள்ளே கம்பி நிறுத்தி, மேலே கேப் போட்டு அனுப்பினோம். இன்று கேப்பையும் கம்பியையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்.

"விசில் ஊதினேன்மா. பல்லு முன்னாடி போச்சு, சத்தம் பின்னாடி வந்துச்சு. பசங்க பதினாலு பேரும் முங்கித் தேடி எடுத்துக் குடுத்தாங்க."

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். நாற்காலியில் சாய்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. "ரெண்டு மாசம்கூட ஆகலையே டாக்டர்."

கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பசை முழுக்கக் கம்பியோடு வந்திருந்தது, கத்தியோடு உறையும் சேர்ந்து வந்ததுபோல. வேரின் சுவர் வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஒட்டவே இல்லை. போன மாதம் தபால்காரம்மாவுக்கும் இதே கதை.

சின்ன டாக்டர் எக்ஸ்ரே பார்க்க உள்ளே போனாள். அவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா ஆச்சு? நீங்க இதுல ஊறினவங்க, சொல்லுங்க" என்றார்.

"இருபத்தொம்பது வருஷத்துல இப்படிப் பார்த்ததில்லை சார். எல்லாம் அந்த மெஷின் வந்த பிறகுதான்."

கண்ணால் கண்டதைச் சொன்னேன். அதிலென்ன பிழை?

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். டைல்ஸ் ஒட்டி ஓய்ந்த மனிதர்; எதைக் கேட்டாலும் தரையில் வந்து நிற்பார்.

"கம்பி கழண்டு வந்ததா? அடிச்சுவர் எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு."

"சுத்தமா இருந்தா மட்டும் ஒட்டிருமா டாக்டரம்மா?"

வேலைவெட்டி இல்லாத கேள்வி. பேப்பரைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

பல் டாக்டர்கள் பதிவு மன்றத்திலிருந்து கடிதம். பயிற்சியாளர் புகார் கொடுத்திருக்கிறார். சின்ன டாக்டர் என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, கடிதத்தை ஈரம் படாமல் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

'பழுதான இயந்திரத்தை நோயாளிகள்மீது பயன்படுத்துவதாக மருத்துவமனையின் மூத்த உதவியாளரே என்னிடம் தெரிவித்தார்.'

"அக்கா, நீங்க இப்படிச் சொன்னீங்களா?"

"பழுதுன்னு சொல்லலை. மெஷின் வந்த பிறகுதான்னு சொன்னேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள். விசாரணை ஏப்ரல் ஒன்பது. மெஷின் குற்றவாளி என்று முடிவானால் அவள் பதிவையே ஆறு மாதத்துக்கு நிறுத்தலாம் என்று வரவேற்பில் அவள் போன் பேசும்போது காதில் விழுந்தது. பள்ளிக்கூடப் பையோடு இந்தப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதற்காக நான் சொன்னது பொய்யாகுமா?

மார்ச் 19, புதன்

தூங்கி எழுந்ததும் தெளிவாகத் தோன்றியது: மெஷின்தான் காரணம் என்று வாயால் சொன்னால் வம்பு, செய்து காட்டினால் நிரூபணம். அவளுக்கும் நல்லதுதான். மெஷினை விற்றவன் தலையில் போய் விடியட்டும்.

பிடுங்கிய பற்கள் ஒரு ஜாடி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் சாவியைக் கொடுத்தாள். அது வேறு உறுத்துகிறது.

மார்ச் 23, ஞாயிறு

ஒரே வேரும் ஒரே குழாயும் உள்ள பற்களாகப் பன்னிரண்டு பொறுக்கினேன். குடைந்தேன். பட்டம் இல்லாதவள் உயிருள்ள வாயில் கை வைக்கக் கூடாது. செத்த பல் சர்டிபிகேட் கேட்பதில்லை.

ஆறு பல்லை மெஷினால் கழுவினேன். ஆறு பல்லை என் கையாலேயே, சிரிஞ்சும் ஊசியுமாக, பெரிய டாக்டர் காலத்து முறையில். பிறகு யோசித்தேன். எதிராளிக்கும் நியாயம் வேண்டுமே. இரண்டு கூட்டத்திலும் மூன்று பல்லுக்குக் கடைசியில் ஹைப்போ, மூன்றுக்குச் சுவரில் ஒட்டிய தாளின்படி ஈ.டி.டி.ஏ., சலைன். கடைசித் தண்ணீரால் ஒன்றும் மாறாது என்பதையும் கையோடு காட்டிவிடலாம்.

பன்னிரண்டிலும் புதுப் பசையை நிரப்பி, ஈரத்துணியில் சுற்றி, பெயர் எழுதி வைத்திருக்கிறேன். பசை இறுக ஒரு வாரம்.

மார்ச் 30, ஞாயிறு

பற்களை இரண்டு மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்தேன். நடுவில் பசைப் பொட்டு, சுற்றிலும் பல். ஒரு பல்லுக்கு இரண்டு வில்லை. ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மற்றதைப் பத்திரப்படுத்தினேன். வில்லையைத் துளையுள்ள தகட்டில் வைத்து, பொட்டின்மேல் மெல்லிய எஃகுக் கம்பியை நிறுத்தி, கம்பியின் தலையிலிருந்து ஒரு கேனைத் தொங்கவிட்டேன். கேனில் அளந்து அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். எத்தனை தண்ணீரில் பொட்டு பிய்த்துக்கொண்டு விழுகிறதோ அதுதான் பிடிப்பின் பலம். கேன் பிடிக்க இவரை அழைத்துப் போயிருந்தேன்.

முதலில் மெஷினில் கழுவி ஹைப்போவில் முடித்தது. அரை லிட்டரும் கொஞ்சமும். டப்.

"பார்த்தீங்களா மெஷின் லட்சணத்தை!" என்றேன்.

அடுத்தது மெஷினில் கழுவி சலைனில் முடித்தது. அரை லிட்டர். முக்கால். ஒரு லிட்டர். ஒன்றேகால். அசையவில்லை. ஒன்றரைக்கு மேல் போய்த்தான் விழுந்தது.

கையால் கழுவியதை எடுத்தேன். ஹைப்போவில் முடித்த மூன்றும் எழுநூறு மில்லியைத் தாண்டவில்லை. சலைனில் முடித்த மூன்றும் ஒன்றேகால் லிட்டருக்குக் கிட்டே நின்றன.

மெஷினா கையா என்பதில் வித்தியாசம் கொஞ்சம். கடைசியில் எது என்பதில்தான் பாதிக்குப் பாதி.

"கேன் ஆடிடுச்சு" என்றேன்.

"நான் பிடிச்ச கேன் ஆடாது" என்றார்.

மார்ச் 31, திங்கள்

கேன் ஆடித்தான் இருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலை முடிந்ததும் மிச்ச வில்லைகள் பன்னிரண்டையும் சோதித்தேன். இந்த முறை கேனை ஆணியில் மாட்டினேன், இவரை உட்காரச் சொல்லிவிட்டேன். அதே கணக்கு. கேன் ஆடவில்லை.

வேரின் நுனித்துண்டுகளையும் நெடுக்காகப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கையால் கழுவியவற்றில் நுனியில் சேறு அப்படியே இருக்கிறது. ஊசிமுனையைத் தாண்டித் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் போயிருந்தால் அதிகம். மெஷினில் கழுவியவை துடைத்துவிட்டதுபோல். ஆக, கொசு என்று நான் திட்டியதுதான் நுனிவரை போய் வேலை பார்க்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார்: "ஆசிட் ஊத்தித் தேய்ச்ச தரையில அப்படியே டைல்ஸ் ஒட்டிப் பாரு. அழுக்கு ஒரு பொட்டு இருக்காது. ஆனா நாலு மாசத்துல தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். நல்லா தண்ணி விட்டு அலசணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"தரைதான் எனக்குத் தெரியும். பல்லைப் பத்தி என்னை நீ எப்பக் கேட்டே? போன மாசம் வாயைத் திறந்தேன், பேப்பரைக் குடுத்தே."

ஏப்ரல் 2, புதன்

நான் இந்த வேலையைக் கற்றது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதங்களைப் படித்து. எட்டாவதோடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, தெரியாததைப் பெரிய டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். இங்கே வந்த எந்த மருந்தின் காகிதத்தையும் நான் படிக்காமல் விட்டதில்லை.

இந்தப் புதுப் பசையின் காகிதத்தை மட்டும் பிரிக்கவில்லை. வீம்பு. வேறென்ன?

இன்று பிரித்தேன். ஐந்தாவது வரியில் இருக்கிறது. ஹைப்போவோடு முடிக்காதே, அது சுவரில் ஆக்ஸிஜனை மிச்சம் வைத்துவிட்டுப் போகும், அது இருக்கும் இடத்தில் பசை இறுகாது.

ஐந்தாவது வரி. அவ்வளவு சின்ன எழுத்துகூட இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பெரிய டாக்டர் சொன்னது தப்பா? அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தப்பில்லை. அவர் காலத்துப் பசை கிராம்பெண்ணெயில் குழைத்தது. அது சுவரை வந்து பிடிக்கும் பசையில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதற்குக் காவல்காரன் போதும். இந்தப் பசை சுவரின் நுண்துளைகளில் விரல்விட்டுப் பிடித்துக்கொள்கிற ஜாதி. இதற்கு முதலில் சேறு போக வேண்டும், பிறகு சேற்றை எடுக்க வந்த மருந்தும் போக வேண்டும். சுத்தம் செய்வது ஒரு வேலை, ஒட்டுவது வேறொரு வேலை. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். சுத்தமாக்கிவிட்டால் எதுவும் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று.

இருபத்தொன்பது வருஷம் சரி. மூன்று மாதம் தப்பு. பதிவேட்டில் எண்ணிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து முப்பத்தொரு பேர்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று ரூட் கெனால் இரண்டு. "கடைசி" என்றாள். வெள்ளையை வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜனவரியிலிருந்து எப்போதும் வெள்ளைதான் வருகிறது என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கும் இவருக்கும். இவர் வாயைத் திறக்க மாட்டார். மெஷின் மாட்டிக்கொள்ளும். இல்லை, இல்லை. மெஷினுக்கா பதிவு எண் இருக்கிறது? அவள்தான் மாட்டிக்கொள்வாள்.

ஐயோ, அறுபத்திரண்டு வயசுல இது வேணுமா எனக்கு? அந்தத் தாளை ஒட்டுறப்ப ஒரு வார்த்தை, 'அக்கா இதனாலதான்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன்.

கடைசி நோயாளி போனபிறகு இரண்டு கிண்ணங்களை அவள் மேஜையில் வைத்தேன். ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் வெள்ளை. உள்ளே வில்லைகள், பக்கத்தில் அளவு எழுதிய நோட்டு. மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

படித்தாள். மறுபடி படித்தாள்.

"அக்கா, இவ்வளவு நாளும் கடைசியா எதைக் குடுத்தீங்க?"

"ஹைப்போ."

"எல்லாருக்குமா?"

"முப்பத்தொரு பேருக்கும்."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சுவத்துல போய் ஒட்டினியே."

"உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள். "அப்பாவே உங்ககிட்ட யோசிச்சுத்தான் பேசுவாரு."

இது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து யாரும் பயப்படுவார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. மரியாதை என்றல்லவா நினைத்தேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "விசாரணையில இதைச் சொல்ல வேணாம். உங்களை நாற்காலி பக்கமே விட மாட்டாங்க. பசை சரக்கு சரியில்லைன்னு நான் சொல்லிக்கறேன்."

"பசை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். "மெஷினைத் திட்டினப்ப சத்தமாத்தானே திட்டினேன்."

ஏப்ரல் 9, புதன்

நீள மேஜை, மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நடுவில் இருந்த அம்மா என் படிப்பைக் கேட்டார்.

"பெட்டிக்குள்ள வர்ற காகிதம்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிண்ணங்களை எடுத்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினில் பழுதில்லை, தாளில் தப்பில்லை, தாளைப் படித்துவிட்டு வேண்டுமென்றே மீறியது நான். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது வாய் உலர்ந்துவிட்டது. பாட்டில் எனக்கு வைக்கவில்லை.

சிரித்தவர் ஒரு வில்லையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "தண்ணீர் கேனா?" என்றார். "ஆமா" என்றேன். அதன் பிறகு சிரிக்கவில்லை.

நடைபாதையில் பயிற்சியாளர் வழியை மறித்தார். வாயில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

"மெஷின்தான்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"நான்தான்."

"இப்ப மெஷின் இல்லை, நான்தான்னு சொல்றதும்?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு கட்சிக்கும் ஒரே ஆள் சாட்சி சொல்லி இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். சிரிக்க முயன்று, ஓட்டை ஞாபகம் வந்து, கையால் பொத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

முடிவு வந்தது. கைக்கு வந்ததைப் பார்க்காமல் ஊற்றியதற்காகச் சின்ன டாக்டருக்கு எச்சரிக்கை, பதிவுக்கு ஆபத்தில்லை. ஜனவரியிலிருந்து சிகிச்சை பெற்ற முப்பத்தொரு பேரையும் அழைத்துப் பார்க்க வேண்டும், கழன்றதைத் திரும்பக் கட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாத உதவியாளர் இனி சிரிஞ்சு நிரப்பவோ நாற்காலி அருகே நிற்கவோ கூடாது.

"சான்றிதழுக்கு ஆறு மாசப் படிப்பு இருக்குக்கா" என்றாள்.

"எனக்கா?" என்றேன்.

எனக்காம்!

ஏப்ரல் 17, வியாழன்

வெளியே மேஜையில் உட்கார்ந்தேன். வருகிறவர் பெயரை எழுதிக்கொள்ளும் வேலை. மூன்று முறை மறந்துபோய் உள்ளே எழுந்து போனேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முப்பத்தொரு பேரையும் கூப்பிடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு பேரிடம், "சும்மா ஒரு செக்கப்புக்கு வாங்க" என்றேன். அவர்கள் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றார்கள். வர மாட்டார்கள். வலியில்லாத பல்லைத் தூக்கிக்கொண்டு யார் மாடியேறுவார்கள்?

மறுபடி அவர்களையே கூப்பிட்டேன். "உங்க பல்லுக்கு நான் தப்பான மருந்தை எடுத்துக் குடுத்துட்டேன். பிடிப்பு குறைவா இருக்கும். ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

ஒருவர் கத்தினார். ஒருவர், "அட, பரவாயில்லக்கா" என்றார். பரவாயில்லை என்றவரிடம்தான் பேச்சு தடுமாறியது. இரண்டு பேரும் நாளைக்கே வருகிறார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

பதினாறு பேர் வந்து போனார்கள். இரண்டு பேருக்குக் கேப் ஆடுகிறது. இவர் கேட்டார், "படிப்புக்குப் பேர் குடுத்தாச்சா?" விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை சின்னக் கட்டத்தில் என்னத்தை எழுதுவது?

மே 2, வெள்ளி

பயிற்சியாளருக்கு இன்று பல்லைத் திரும்ப நிறுத்தினோம். நிறுத்தினாள்.

நாற்காலி அறையின் கதவை எப்போதும் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வாள். இன்று சாத்தவில்லை. என் மேஜையிலிருந்து பார்த்தால் அவள் முதுகும் விளக்கும் மட்டும் தெரியும். சிரிஞ்சுகளைக் காலையில் அவளே நிரப்பியிருந்தாள். பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றாக எடுத்து, நாடாவைப் பார்த்து, வாய்விட்டுப் பெயர் சொன்னாள்.

"ஹைப்போ."

மெஷின் ரீங்காரம். நிமிஷக்கணக்கைக் கடிகாரத்தில் பார்த்தேன், பழக்கதோஷம்.

"ஈ.டி.டி.ஏ."

பயிற்சியாளர் ஏதோ கேட்டார், வாய் திறந்தபடி, ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு இல்ல சார், வெளிய அக்காவுக்கு" என்றாள்.

"சலைன்."

அதன் பிறகு வேறு பெயர் எதுவும் வரவில்லை. உலர்த்தும் காகிதக் குச்சிகளின் பாக்கெட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

முப்பத்தொரு பேர் பட்டியலில் இருபத்து மூன்றாவது ஆளின் எண்ணைப் போனில் அழுத்தினேன்.